ஐந்து நொடி பழையது

இன்ஸ்டால் திரை கேட்கிறது:
எந்த ஃபைல் சிஸ்டம்?
மணி ஒன்றே கால்.
வடக்கு ஜெட்டியில் யாரோ டீசல் பேரலை உருட்டுகிறார்கள்.
கர்சர் துடிக்கிறது, துடிக்கட்டும்.

மதுரையில் ஏதோ வங்கி கழித்துப் போட்ட பெட்டி,
நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.
பதினாறு ஜிபி மெமரி, இரண்டு டிஸ்க்.
வந்து இரண்டு மாதம்தான்,
அதற்குள் மண்டபத்துக் காற்று
திருகுகளைச் செம்பட்டை ஆக்கிவிட்டது.
இதற்குள் ஐந்து கம்ப்யூட்டர் குடியேற வேண்டும்:
ஐஸ் கம்பெனிக் கணக்குக்கு ஒன்று,
குளிர்அறைச் சூடு பார்க்க ஒன்று,
கேமராவுக்கு ஒன்று,
தம்பி சேவியோ விளையாடக் கெஞ்சிக் கேட்டது ஒன்று,
எதற்கென்று நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று.

வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள் இங்கே.
அடக்கமாய்க் கிடக்கிறதாம், அதனால் பெண்.
போன ஐப்பசியில்
வாடை எழுந்த முதல் ராத்திரி பார்த்திருக்க வேண்டும் அவர்கள்.
மின்சாரம் பதினான்கு தடவை போய் வந்தது.
காலையில் பழைய பெட்டியில்
கணக்குக் கோப்பு இருந்தது.
பெயர் சரி, அளவு சரி, தேதி சரி.
திறந்தால் பூஜ்ஜியம்.
உருட்ட உருட்டப் பூஜ்ஜியம்.
காணாமல் போயிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன்.
அது எதிரே உட்கார்ந்துகொண்டு
எல்லாம் இருக்கிறது என்றது.

நெய்னா முகம்மது தானாகவே வந்தார்.
"தொண்ணூறு பார் பாக்கி, ஜெனோவா" என்று
எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
ஒரு வாரம் கழித்து லாரிச் சீட்டு கிடைத்தது.
எண்பத்தாறு.

ஆகவே இந்தத் தடவை
யார் சொல்லையும் கேட்கவில்லை.
ஒவ்வொன்றாகப் போட்டேன்,
எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன்.

எக்ஸ்ட்-ஃபோர் வேகம்.
சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்து
அதே இடத்தில் எழுதும்.
இரண்டு தடவை நன்றாகவே எழுந்து வந்தது.
மூன்றாம் தடவை
அதே சரியான பெயர், அதே சரியான அளவு.
திறக்கக் கை வரவில்லை.
திறந்தேன்.

பட்டர்-எஃப்எஸ் பழையதைத் தொடாது,
பக்கத்தில் எழுதும். நல்ல குணம்.
ஆனால் விர்ச்சுவல் டிஸ்க் ஒன்றை அதில் கிடத்தினால்
நாலு நாளில் கொத்துக்கறி.
அதை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கிறது;
போட்டால் சரிபார்க்கும் புத்தியும் கூடவே நின்றுவிடும்.
தலைவலிக்குத் தலையைக் கழற்றுகிற வைத்தியம்.

இசட்-எஃப்எஸ் வந்ததும் வராததுமாக
பாதி மெமரியை இலையில் போடச் சொன்னது.
துண்டுக்குத் துண்டு கைநாட்டு வைக்கிறது,
படிக்கும்போது ஒப்பிடுகிறது,
ஒரு டிஸ்க் புளுகினால்
மற்றதைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்கிறது.
சோதனைக்கு என்ன தட்டுவது என்று யோசித்து
நெய்னா முகம்மது, நான்கு பார், வரவு
என்று தட்டினேன்.
தட்டின கையோடு பிடுங்கினேன்.

எழுந்து வந்தபோது எல்லாம் இருந்தது,
அந்த ஒரு வரியைத் தவிர.
ஐந்து நொடிக்கு முந்தைய கணக்கு,
ஒரு பூஜ்ஜியம் கலக்காமல்.
எனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒன்றை
அன்றைக்குத்தான் இந்த வீட்டில் பார்த்தேன்.

கர்சரை அதன் மேல் நிறுத்தி என்டர் தட்டினேன்.
நாலு ஜிபிக்கு மேல் தின்னாதே என்று ஒரு வரி எழுதினேன்.
அப்படியும் ஐந்துக்கு இடம் போதவில்லை.
சேவியோவின் பெட்டியை நிறுத்தினேன்.
யாரிடமும் சொல்லாததை நிறுத்தவில்லை.
கேட்டால் மெமரி பற்றவில்லை என்பேன்.
பொய் இல்லை.

நாலேமுக்காலுக்குக் களஞ்சியம்
லாரியை ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
நான்கு பார் வரவை மறுபடி தட்டினேன்.
கையை எடுத்துவிட்டு
வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன்.
மூன்றோ, நான்கோ.
தெரு முழுக்க இருண்டது.

இந்தத் தடவை
பிளக்கில் என் கை இல்லை.